நாய் செத்ததற்கு லீவு கேட்கலாமா?

பெங்களூரிலோ ஓசூரிலோ ஷிஃப்ட்டில் இருப்பீர்கள். சொந்த ஊரான செங்கத்திலிருந்து போன் வரும். "மணி செத்துப்போச்சுப்பா." நேற்று வீடியோ காலில் வாலாட்டிய நாய். லாரி அடித்திருக்கும், கொல்லையில் பாம்பு கடித்திருக்கும், என்னவென்றே தெரியாமலும் போயிருக்கும். பக்கத்து சீட்டுக்காரர் டார்கெட்டை முடித்துக்கொண்டிருக்கிறார். உங்களுக்கு ஸ்கிரீனில் எழுத்தே தெரியவில்லை.

வேலைக்கு வந்த இடத்தில் இதையெல்லாம் யாரிடம் சொல்வது என்ற கூச்சம்தான் முதல் சிக்கல். அழலாம், அது உங்கள் உரிமை. ஆனால் அந்த அழுகை உங்கள் அப்ரைசலைத் தின்னாமல் பார்த்துக்கொள்ள வேண்டியதும் நீங்கள்தான். கம்பெனி அதைச் செய்து தராது.

1. முதலில் வீட்டுக்கு மூன்று கேள்விகள்.

மேனேஜருக்கு மெசேஜ் தட்டும் முன் வீட்டில் கேளுங்கள்: எப்படிச் செத்தது? கடைசி சில நாளில் குணம் மாறியதா, எச்சில் ஒழுகியதா, தண்ணீர் விழுங்கத் தவித்ததா? யாரையாவது கடித்ததா, கீறியதா, புண் இருந்த இடத்தில் நக்கியதா? இரண்டாவது, மூன்றாவது கேள்விகளில் ஒன்றுக்காவது "ஆமாம்" என்று பதில் வந்தால் துக்கத்தைத் தள்ளி வையுங்கள். கடிபட்ட இடத்தைச் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவச் சொல்லுங்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள். ரேபிஸ் தடுப்பூசி அங்கே இலவசம். முதல் ஊசியோடு நிறுத்திவிடக் கூடாது. டாக்டர் எழுதித் தரும் தேதிகளில் எல்லா ஊசியையும் போட்டு முடிக்க வேண்டும். "பத்து நாள் நாயைக் கவனிச்சுப் பார்ப்போம்" என்று ஊரில் யாராவது சொல்வார்கள். நாய் உயிரோடு இருந்தால்தான் அந்தக் கணக்கு. ரேபிஸ் அறிகுறி வந்துவிட்டால் மனிதரைக் காப்பாற்றுவது கிட்டத்தட்ட முடியாத காரியம். செத்த நாயை வெறுங்கையால் தூக்கவும் வேண்டாம். கால்நடை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, கிணற்றுக்கும் ஓடைக்கும் தள்ளி ஆழமாகக் குழி எடுத்துப் புதைக்கச் சொல்லுங்கள்.

செங்கம் போன்ற ஜவ்வாது மலை அடிவார ஊர்களில் வீட்டுப் பிராணி என்றால் நாய் மட்டும் இல்லை. பேர் வைத்துக் கூப்பிட்ட பசுவாகவும் இருக்கலாம். இன்சூரன்ஸ் போட்ட மாடு என்றால் காதில் உள்ள டேக்கைக் கழற்றவே கூடாது. டேக் இல்லாவிட்டால் கிளெய்ம் இல்லை. உடனே இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் சொல்லி, கால்நடை மருத்துவரிடம் போஸ்ட்மார்ட்டம் சான்றிதழ் வாங்கிய பிறகே புதைக்க வேண்டும். அம்மா அழுதுகொண்டிருப்பார், அப்பா பேச மாட்டார். இதை நினைவில் வைத்துச் சொல்ல அந்த வீட்டில் உங்களை விட்டால் வேறு ஆள் இருக்காது.

2. பாட்டியைச் சாகடிக்காதீர்கள்.

லீவு லெட்டர்களில் அடிக்கடி செத்துப்போகும் பாட்டிகளை எல்லா ஹெச்.ஆரும் பார்த்திருக்கிறார்கள். நாய் என்று சொன்னால் சிரிப்பார்கள் என்று பயந்து பொய் சொல்வீர்கள். அன்று மாலையே "மிஸ் யூ மணி" என்று நாயின் போட்டோவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவீர்கள். டீமில் பாதிப் பேர் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு நிஜமாகவே வீட்டில் ஒரு சாவு விழுந்தால் உங்களை யார் நம்புவார்கள்? பொய் சொல்வது தப்பா சரியா என்ற விவாதத்துக்கு நான் வரவில்லை. அகப்பட்டுக்கொண்டால் அந்தப் பெயர் போக வருஷக்கணக்காகும் என்று மட்டும் சொல்கிறேன்.

3. மெசேஜ் எழுதக் கல்வெட்டைப் பாருங்கள்.

செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பேர்போனது. இவற்றைப் பதிப்பித்துத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-ல் தனிப் புத்தகமே போட்டது. அதில் எடுத்தனூர்க் கல் ஒன்று இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது, அவனுடைய 34-ம் ஆட்சியாண்டு. எருமைகளைக் காக்கும் சண்டையில் கருந்தேவகத்தி என்பவன் இறந்துபோனான். அவன் உருவத்தோடு ஒரு நாயின் உருவமும் கல்லில் இருக்கிறது. கோவிவன் என்ற பெயருள்ள அந்த நாய் கள்ளர்களைக் கடித்து, எஜமானன் பக்கத்திலேயே காத்து நின்ற விவரத்தையும் எழுதி வைத்திருக்கிறார்கள். 1,400 வருஷத்துக்கு முந்தைய சமாச்சாரம். விழுப்புரம் பக்கம் அரசலாபுரத்தில் சண்டைக் கோழிக்கே கல் நட்டிருக்கிறார்கள். "நாய்தானே" என்று உங்கள் டீம் லீடர் இழுத்தால் கூனிக் குறுகாதீர்கள். இந்த மண்ணில் நாய்க்குப் பெயர் சொல்லித் துக்கப்படுவது புது ஃபேஷன் இல்லை.

எனக்கு அந்தக் கல்லில் பிடித்தது அதன் சிக்கனம். அன்பே உருவான, விசுவாசத்தின் சிகரமான என்று ஒரு அடைமொழி கிடையாது. பெயர், நடந்தது, செய்த வேலை, அவ்வளவுதான். கிரெடிட் கொடுக்கவும் தயங்கவில்லை. இன்றைக்கு எத்தனை ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் உழைத்தவர் பெயர் வருகிறது? உங்கள் மெசேஜும் இப்படி இருக்கட்டும்:

"சார், வீட்ல எட்டு வருஷமா வளர்த்த நாய் இன்னைக்குக் காலைல இறந்துடுச்சு. ஊருக்குக் கிளம்புறேன். இன்னைக்கும் நாளைக்கும் கேஷுவல் லீவு வேணும். 11 மணி கிளையண்ட் காலுக்கான ஃபைலை டீம்ல ஷேர் பண்ணிட்டேன். நாளன்னைக்கு காலை ஷிஃப்ட்டுக்கு வந்துடுவேன்."

இதில் மன்னிப்பும் இல்லை, கதையும் இல்லை. எத்தனை நாள், கையிலிருக்கும் வேலை என்ன ஆகும், எப்போது வருவேன் என்ற மூன்றும் இருக்கின்றன. மேனேஜருக்கு வேண்டியது அதுதான். குரூப்பில் போடாமல் தனியாக அனுப்புங்கள். குரூப்பில் போட்டால் நான்கு அழுகை இமோஜி வரும், லீவு வராது.

4. லீவுக் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்.

செல்லப் பிராணி இறந்தால் துக்க விடுப்பு என்று நம் சட்டத்தில் எதுவும் இல்லை. ஆனால் 1947-ம் வருஷத்துத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், அதன் கீழ் வரும் இடங்களில் வேலை செய்பவர்களுக்கு வருஷத்துக்கு 12 நாள் கேஷுவல் லீவு தருகிறது. அது நியாயமான எந்தக் காரணத்துக்கும் எடுக்கக்கூடிய லீவு. வீட்டில் வளர்ந்த உயிர் போனது நியாயமான காரணமே. கான்ட்ராக்ட்டில் இருப்பவர்களில் பலருக்கு லீவு என்றால் சம்பளப் பிடித்தம். அவர்கள் சூப்பர்வைசரிடம் ஷிஃப்ட் மாற்றிக் கேட்பது லாபம். யாரிடமிருந்து ஷிஃப்ட் வாங்கினீர்களோ, அடுத்த பண்டிகைக்கு முன் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

5. திரும்பி வந்த முதல் வாரம்.

கவனம் சிதறும், கணக்கு தப்பும். காலையில் ரொட்டீன் வேலைகளை எடுங்கள். பணம், கையெழுத்து, கிளையண்ட்டுக்குப் போகும் மெயில் இவற்றை இன்னொரு கண் பார்த்த பிறகே அனுப்புங்கள். "என்னாச்சு?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வரி தயாராக இருக்கட்டும்: "வீட்டு நாய் இறந்துடுச்சு, கொஞ்ச நாள்ல சரியாயிடும்." அதற்கு மேல் கேண்டீனில் விரித்துப் பேசாதீர்கள். அங்கே பேசியது ப்ரமோஷன் மீட்டிங்கில் "அவர் கொஞ்சம் எமோஷனல்" என்று வேறு உருவில் திரும்பி வரும்.

ஊர் ஏற்றுக்கொள்ளாத துக்கம் கூடுதலாக வலிக்கும். அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோகா 1989-லேயே இதற்குத் தனிப் பெயர் கொடுத்து எழுதினார். நாய்க்குப் பதினாறாம் நாள் கிடையாது, துக்கம் விசாரிக்க வருபவர் கிடையாது. ஆகவே பேச ஒரு ஆளை நீங்களே தேர்ந்தெடுங்கள். அந்த ஆள் உங்கள் டீமில் இல்லாதவராக இருக்கட்டும்.

வெளியூரில் வேலை பார்ப்பவர்களை இன்னொன்று அரிக்கும்: "நான் ஊரிலேயே இருந்திருந்தால் காப்பாற்றியிருப்பேன்." அம்மா ராத்திரி சோறு வடிக்கும்போது கை தானாக ஒரு பிடியை ஒதுக்கி வைப்பதாகத் தங்கை போனில் சொல்வாள். அந்த நிமிடம் ரிசைன் லெட்டர் அடிக்கத் தோன்றும். அடிக்காதீர்கள். வேலையை விடுவதற்கு வேறு காரணங்கள் இருந்தால் ஒரு மாதம் கழித்தும் அவை இருக்கும். குற்ற உணர்வுக்கு மருந்து விவரம்தான். பார்த்த கால்நடை மருத்துவரிடம் என்ன காரணம், முன்பே கண்டுபிடித்திருக்க முடியுமா என்று ஒரு தடவை நேராகக் கேட்டுவிடுங்கள். பாம்புக்கடியிலும் லாரியிலும் நீங்கள் வீட்டில் இருந்திருந்தாலும் நடந்திருக்கக்கூடியதே அதிகம். தவிர, அவசரத்துக்குக் கால்நடை ஆம்புலன்ஸைக் கூப்பிடும் எண் 1962. வீட்டுச் சுவரில் எழுதி வைக்கச் சொல்லுங்கள், மிச்சமிருக்கும் ஆடு மாட்டுக்கு உதவும். இரண்டு வாரம் தாண்டியும் தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் 14416-ஐ அழையுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் அது, கட்டணம் கிடையாது.

அதே வாரம் இன்டர்வியூ இருந்தால் ஒரே ஒரு தடவை தேதி மாற்றிக் கேட்கலாம், அதுவும் முந்தைய நாளே. போவதென்று முடிவு செய்தால் நாயைப் பற்றி அங்கே மூச்சு விடாதீர்கள். எதிரே இருப்பவருக்கு உங்களைப் பற்றித் தெரிந்த முதல் விஷயம் அதுவாக இருக்க வேண்டாம்.

6. நீங்கள் டீம் லீடராக இருந்தால்.

"வேற ஒண்ணு வாங்கிக்கலாம்" என்ற வாக்கியத்தைச் சொல்லாதீர்கள். இரண்டு நாள் லீவு கொடுத்து, நாயின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இதில் உங்களுக்கும் ஆதாயம் உண்டு: மார்ச் மாத நெருக்கடியில் கூடுதலாக ஒரு மணி நேரம் உட்காருபவர் அவராகத்தான் இருப்பார்.

7. புதுக் குட்டிக்கு அவசரப்படாதீர்கள்.

வீட்டார் தனியாக இருக்கிறார்கள் என்று அடுத்த வாரமே யாரிடமாவது குட்டி கேட்பீர்கள். பழைய நாய் ரத்தக்கழிச்சலில் போயிருந்தால் பார்வோ வைரஸாக இருக்கலாம். அந்தக் கிருமி மண்ணில் பல மாதம் உயிரோடு கிடக்கும். பழைய நாய் படுத்த சாக்கை எரியுங்கள், தட்டையும் தரையையும் பிளீச் கரைசலில் கழுவுங்கள். ஊசி முழுதாகப் போடாத குட்டியை அந்தக் கொல்லையில் விடாதீர்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தடவை, பதினாறு வாரம் ஆகும்வரை. ரேபிஸ் ஊசி தனி. நீங்கள் ஊருக்கு வரும் வீக்-ஆஃப் நாட்களோடு இந்தத் தேதிகள் ஒத்துவருகின்றனவா, இல்லாவிட்டால் குட்டியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகத் தங்கை இருக்கிறாளா என்று பார்த்துவிட்டு, குட்டியை அதற்குப் பிறகு கேளுங்கள்.