மூர்த்தி சிறிது, கீர்த்தி பெரிது!
(ஃப்ளூ தடுப்பூசியில் நானோ துகள்கள்)

– இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை



போன மழைக்காலத்தில் என் அப்பத்தாவுக்குக் காய்ச்சல். "சளிக் காய்ச்சல்தானே" என்று நாலு நாள் கஷாயம் கொடுத்தோம். ஐந்தாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இன்ஃப்ளூயன்சா என்றார்கள், நிமோனியாவாகிவிட்டது என்றார்கள். "ஃப்ளூ ஊசி போட்டிருக்கீங்களா?" என்று டாக்டர் கேட்டார். "பெரியவங்களுக்கும் தடுப்பூசி இருக்குங்களா?" என்று அப்பா திருப்பிக் கேட்டார். எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். எனக்கும் அது தெரியாதே என்று வெட்கமாகிவிட்டது. அப்பத்தா பிழைத்து வந்துவிட்டது. ஆனால் பழைய நடை இல்லை. அதன்பிறகு தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எவ்வளவு சிறிது?

மெட்ராலஜி லேபில் நாம் பிடிக்கும் மைக்ரோமீட்டரின் லீஸ்ட் கவுண்ட் 0.01 மி.மீ. அதாவது 10,000 நானோமீட்டர். ஃப்ளூ வைரஸின் குறுக்களவோ சுமார் 100 நானோமீட்டர். நம் கருவி காட்டும் மிகச் சிறிய அளவுக்குள் நூறு வைரஸ்களை வரிசையாக நிறுத்தலாம்!

வைரஸின் மேல் முள் முள்ளாக நிற்கும் புரதத்துக்கு ஹீமக்ளூட்டினின் என்று பெயர். நம் உடல் முக்கியமாக அடையாளம் பிடிப்பது இந்த முள்ளைத்தான். ஆனால் இது வேஷம் மாற்றிக்கொண்டே இருக்கும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், ஊசியில் சேர்க்க வேண்டிய வகைகளை அறிவிக்கிறது. நாமும் ஆண்டுதோறும் ஊசி போட வேண்டியிருக்கிறது.

தட்டி எழுப்பும் துணை

வயதானவர்களின் உடல், ஊசி போட்டாலும் இளைஞர்களின் உடலைப் போல விழித்துக்கொள்வதில்லை. தட்டி எழுப்ப ஒரு துணை வேண்டும். அதுதான் அட்ஜுவன்ட். 1920களில் பிரான்சில் கஸ்தோன் ரமோன் என்பவர் குதிரைகளுக்கு டிப்தீரியா ஊசி போட்டார். ஊசி போட்ட இடம் வீங்கிச் சீழ் கட்டிய குதிரைகளுக்கு எதிர்ப்பொருள் அதிகமாக ஊறுவதைக் கவனித்தார். வேண்டுமென்றே மரவள்ளி மாவையும் ரொட்டித் தூளையும் கலந்து போட்டுப் பார்த்தார். பலன் கிடைத்தது! 1926-ல் இங்கிலாந்தில் கிளென்னி அலுமினிய உப்பைப் பயன்படுத்தினார்.

ஃப்ளூவுக்கு வந்த துணை எம்.எஃப்.59. சுறா ஈரலில் கிடைக்கும் ஸ்குவாலீன் எண்ணெயை, சுமார் 160 நானோமீட்டர் துளிகளாகத் தண்ணீரில் கலந்தது இது. இது சேர்ந்த ஊசிக்கு 1997-ல் இத்தாலியிலும், 2015-ல் அமெரிக்காவிலும் முதியோருக்காக அனுமதி கிடைத்தது.

முள்ளைப் பொருத்தும் பந்து

காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறது அல்லவா? அங்கேதான் நோய் எதிர்ப்பு அணுக்கள் கூடி நிற்கின்றன. மிக நுண்ணிய துகள்கள் நிணநீரோடு ஓடி நேரே அங்கே போய்ச் சேரும். அதோடு, முட்கள் தனித்தனியாகத் திரிவதைவிட, ஒரு துகளின் மேல் வரிசையாக நின்றால் அந்த அணுக்கள் "வைரஸே வந்துவிட்டது" என்று துள்ளி எழும்.

2013-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவன விஞ்ஞானிகள் ஃபெரிட்டின் என்ற புரதத்தை எடுத்தார்கள். அதன் 24 துண்டுகள் தாமே கூடி 12 நானோமீட்டர் பந்தாகிவிடும். மும்மூன்று துண்டுகள் சந்திக்கும் முனைகள் அதில் எட்டு. ஃப்ளூ முள்ளும் மூன்று துண்டு சேர்ந்ததுதான். ஃபிட்டிங் ஷாப்பில் ஆணும் பெண்ணும் பொருந்துகிற மாதிரி எட்டு முட்கள் கச்சிதமாக உட்கார்ந்தன! எலிகளில், வழக்கமான ஊசியைவிடப் பத்து மடங்குக்கும் மேல் எதிர்ப்பொருள் உண்டானது.

எலிக்குப் பலித்தது மனிதனுக்கும் அப்படியே பலிக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஃபெரிட்டின் ஊசியின் முதல் கட்ட மனிதச் சோதனை முடிவு 2022-ல் வந்தது, பாதுகாப்பானதாகத் தெரிந்தது. கடைக்கு வர இன்னும் பல படிகள் பாக்கி.

நண்பர்களே! அது வரும்போது வரட்டும். இன்றைக்குக் கிடைக்கிற ஃப்ளூ ஊசியைப் பற்றி, வீட்டுப் பெரியவர்களுக்காக டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். என்னைப் போன்றவர்களின் வீட்டில் இதைச் சொல்ல வேறு ஆள் இல்லை. நாம்தான் சொல்ல வேண்டும்.