நீலகிரியில் ஃபிளேம்புரூஃப்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

குன்னூரை அடுத்த அருவங்காட்டில் 1903ஆம் ஆண்டு நிறுவப்பட்ட கார்டைட் தொழிற்சாலை, நைட்ரோசெல்லுலோஸையும் நைட்ரோகிளிசரினையும் அசிட்டோன் போன்ற கரைப்பான்களின் துணையோடு பிசைந்து உந்துமருந்து செய்யும் தொழிலை நீலகிரிக்குக் கொண்டுவந்தது. கரைப்பானின் ஆவி காற்றோடு கலந்து தீப்பற்றக்கூடிய இத்தகைய இடங்களை மின்பொறியியல் அபாயப் பகுதி என்று வரையறுக்கிறது. ஆவி எப்போதும் தங்கியிருக்கும் இடம் மண்டலம் 0, வழக்கமான இயக்கத்தில் அவ்வப்போது தோன்றும் இடம் மண்டலம் 1, அரிதாகத் தோன்றிச் சிறிது நேரத்தில் மறையும் இடம் மண்டலம் 2. மலையிலுள்ள பெட்ரோல் நிலையங்களும் இந்த வரையறைக்குள் அடங்குகின்றன. இங்கெல்லாம் பொருத்தப்படும் ஃபிளேம்புரூஃப், அதாவது உள்வெடிப்பின் தீயை வெளியே பரவவிடாத, மோட்டார், சுவிட்ச், விளக்கு ஆகியவற்றைப் பற்றி நிலவும் சில நம்பிக்கைகள் அக்கருவிகளின் அடிப்படைக்கே முரணானவை.

ஃபிளேம்புரூஃப் பெட்டிக்குள் வாயு நுழையாது என்பதே அவற்றுள் மிகப் பரவலான நம்பிக்கை. உண்மையில் வாயு நுழையும் என்று எதிர்பார்த்தே அப்பெட்டி வடிவமைக்கப்படுகிறது. மோட்டார் ஓடிச் சூடாகும்போது உள்ளிருக்கும் காற்று விரிந்து வெளியேறுகிறது. நின்று குளிரும்போது சுற்றியுள்ள காற்று, அதில் ஆவி இருந்தால் ஆவியும் சேர்ந்து, உள்ளே இழுக்கப்படுகிறது. சுவிட்சின் பொறியால் உள்ளே வெடிப்பு நேர்ந்தாலும், கனத்த சுவர் அதன் அழுத்தத்தைத் தாங்குகிறது. மூடியும் உடலும் பொருந்தும் ஃபிளேஞ்சுகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடைவெளி வழியே வெளியேறும் சூடான வாயு, வெளியிலுள்ள ஆவியைப் பற்றவைக்க முடியாத அளவுக்கு வழியிலேயே குளிர்ந்துவிடுகிறது. ஜெர்மன் நிலக்கரிச் சுரங்கங்களுக்காகக் கார்ல் பெய்லிங் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடத்திய சோதனைகள் இக்கொள்கைக்கு அடித்தளமிட்டன. தீ கடந்துசெல்ல முடியாத இடைவெளியின் உச்ச அளவு சோதனையில் புரொப்பேனுக்குச் சுமார் 0.92 மில்லிமீட்டர், ஹைட்ரஜனுக்கோ சுமார் 0.29 மில்லிமீட்டர் மட்டுமே. ஒரே ஒரு போல்ட் விடுபட்டு மூடி சற்றே தூக்கிக்கொண்டாலும், ஸ்க்ரூடிரைவரால் நெம்பி ஃபிளேஞ்சில் ஒரு கீறல் விழுந்தாலும், அது வெறும் கனத்த இரும்புப் பெட்டியாகிவிடுகிறது என்பதை இந்த எண்களே சொல்கின்றன.

இரண்டாவது நம்பிக்கை, ஆண்டில் பெரும்பகுதி பனிமூட்டமும் இரு பருவமழைகளும் சூழ்ந்திருக்கும் இம்மலையில் நல்லெண்ணத்தோடு செய்யப்படும் ஒரு தவறுக்குக் காரணமாகிறது. ஃபிளேம்புரூஃப் என்றால் நீரும் புகாது என்று நம்பி வெளியில் மாட்டியபின், உள்ளே ஈரம் கோத்திருப்பதைக் கண்டதும், ஃபிளேஞ்சுகளுக்கு இடையே கெட்டியாகும் சிலிக்கோன் பூசுவதோ ரப்பர் கேஸ்கெட் வைப்பதோ பெட்டியின் அடியில் துளையிடுவதோ வழக்கமாக இருக்கிறது. தீப்பாதுகாப்பும் நீர்ப்பாதுகாப்பும் வெவ்வேறு தகுதிகள். நீர்ப்பாதுகாப்புக்குத் தனியே ஐ.பி. எண் உண்டு. கெட்டியாகும் பூச்சு, வாயு சீராகக் கசிந்து குளிர வேண்டிய பாதையை அடைக்கிறது. சான்றிதழில் இல்லாத கேஸ்கெட் அப்பாதையின் அளவையே மாற்றுகிறது. துளையோ தீக்கு நேர்வழி திறந்துவிடுகிறது. துருவைத் தடுக்க உறையாத கிரீஸை மெல்லியதாகப் பூசுவதும், ஈரம் வடியச் சான்றளிக்கப்பட்ட வடிகால் அடைப்பானைப் பொருத்துவதும், நிறுத்திவைத்த மோட்டாருக்குள் ஈரம் படியாமல் காக்கும் சிறு ஹீட்டரை இயக்குவதுமே முறையான வழிகள்.

பெட்டி சரியாக இருந்தால் வயரிங் எப்படியும் இருக்கலாம் என்பது மூன்றாவது. கேபிள் நுழையும் கிளாண்டும் அதே பாதுகாப்பின் ஒரு பகுதி என்பதால் அதற்கும் ஃபிளேம்புரூஃப் சான்று வேண்டும். பயன்படாத துளையைச் சான்றுபெற்ற அடைப்பானால் மூட வேண்டும். மரத்தக்கையோ டேப்போ போதாது. கேபிளின் உட்கம்பிகளுக்கு இடையிலுள்ள வெற்றிடம் வழியாகவும் வெடிப்பழுத்தம் பயணிக்கும் என்பதால், உள்ளே நிரப்பு இல்லாத கேபிளுக்குக் கலவை ஊற்றி இறுகவைக்கும் தடுப்பு கிளாண்ட் தேவைப்படுகிறது. ஃபிளேஞ்சுக்கு எதிரே சுவரோ குழாயோ நெருங்கியிருந்தால் வெளியேறும் வாயு தடைபடும் என்பதால், ஹைட்ரஜன் போன்ற வாயுக்கள் அடங்கிய ஐஐசி பிரிவில் குறைந்தது 40 மில்லிமீட்டர் இடைவெளி விடப்பட வேண்டும். மின்சாரம் இருக்கும்போது மூடியைத் திறப்பதைப் பற்றி விளக்கம் தேவையில்லை; அது எந்நிலையிலும் கூடாது.

ஒரே ஃபிளேம்புரூஃப் எல்லா ஆபத்துக்கும் பொருந்தும் என்ற நம்பிக்கை இவ்வட்டாரத்துக்குக் குறிப்பாகத் தீங்கானது. நைட்ரோசெல்லுலோஸைக் கூழாக்கப் பயன்பட்டுவந்த ஈதர் சுமார் 160 முதல் 180 டிகிரி செல்சியஸிலேயே தானாகப் பற்றிக்கொள்ளும் என்பதால், மேற்பரப்பு 200 டிகிரிவரை சூடாகலாம் என்று பொருள்படும் டி3 முத்திரையுள்ள கருவி அங்கே பொறி ஏதுமின்றியே தீமூட்டக்கூடும். 135 டிகிரியைத் தாண்டாத டி4 கருவிதான் அங்கே தேவை. வெடிமருந்தையும் வெடிமருந்துத் தூசியையும் கையாளும் அறைகளை, அபாயப் பகுதி மின்கருவிகளுக்கான ஐ.எஸ்/ஐ.இ.சி 60079 தரநிலைகள் தம் வரம்பிலேயே சேர்ப்பதில்லை, ஏனெனில் வெடிமருந்து எரியக் காற்றையே நாடுவதில்லை. தேயிலைத் தொழிற்சாலையின் சலிக்கும் கூடத்தில் பறக்கும் தேயிலைத் தூசியும் எரியக்கூடியதே. ஆனால் வாயுவுக்கான பெட்டியை வாங்கிவைப்பதால் அந்த ஆபத்து தீராது. தூசியைப் புகவிடாமல் தடுக்கும் தனிவகைக் கருவி வேண்டும். மோட்டார்மேல் படியும் தூசியும் வெப்பத்தை உள்ளேயே தேக்கிவைக்குமாகையால் அதை அன்றாடம் துடைத்தெடுக்க வேண்டும்.

மலையின் உயரத்துக்கும் இதில் பங்குண்டு. இத்தரநிலைகள் 80 முதல் 110 கிலோபாஸ்கல் வரையிலான காற்றழுத்தத்தை அடிப்படையாகக் கொண்டவை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியிலோ அழுத்தம் ஏறத்தாழ 77, 78 கிலோபாஸ்கல்தான். காற்றழுத்தம் குறைந்தால் உள்வெடிப்பின் அழுத்தமும் குறையும் என்பது ஆறுதலே என்றாலும், சான்றிதழின் எல்லைக்கு வெளியே கருவி இயங்குகிறது என்பது மாறாது. சாதாரண மோட்டார்களின் திறன் 1,000 மீட்டர்வரையிலான உயரத்துக்கே கணக்கிடப்படுவதாலும், அதற்குமேல் மெலிந்த காற்று குறைவாகவே குளிர்விப்பதாலும், கருவியை வாங்கும்போதே நிறுவப்படும் ஊரின் உயரத்தைத் தயாரிப்பாளரிடம் எழுத்தில் தெரிவித்து ஒப்புதல் பெறுவது அவசியம்.

நிறுவியபின் முதன்முதலாக மின்சாரம் கொடுப்பதற்குமுன் ஒவ்வொரு கருவியையும் விரிவாக ஆய்ந்து பதிவுசெய்ய வேண்டும் என்றும், அதன்பின் நடக்கும் காலமுறை ஆய்வுகளுக்கு இடையே வல்லுநர் ஆலோசனையின்றி மூன்று ஆண்டுகளுக்குமேல் கடக்கக்கூடாது என்றும் ஐ.எஸ்/ஐ.இ.சி 60079-17 விதிக்கிறது. ஈரத்தால் கருவிகள் துருப்பிடிக்கும் நீலகிரியில் அந்த உச்சவரம்புவரை காத்திருக்காமல், ஒவ்வொரு தென்மேற்குப் பருவமழைக்கு முன்னும் ஃபிளேஞ்சுகளையும் கிளாண்டுகளையும் பரிசோதித்துவிடுவதே தொழிற்சாலைப் பொறுப்பாளர்கள் கைக்கொள்ள வேண்டிய நடைமுறை.