செய்தியைத் தடுக்கும் மருந்து

நோய் தெரிந்த புதிதில், காரைக்கால் கடற்கரைச் சாலையில் நடக்கையில் என் பெரியம்மா கேட்டார்: "வெட்டுறாங்க, கரண்டு வைக்கிறாங்க; வளராதேன்னு கட்டிக்குச் சொல்ற மருந்து இல்லையாப்பா?" அக்கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

உயிரணுவின் உட்கருவிலிருந்து தூது ஆர்.என்.ஏ. என்னும் ஓலை புறப்படுகிறது. அதைப் படித்துப் புரதம் கட்டுவது ரைபோசோம். (அதன் அமைப்பை ஆராய்ந்து 2009-இல் நோபல் பரிசைப் பகிர்ந்த வெங்கி ராமகிருஷ்ணன், நமக்கு வடக்கே சிதம்பரத்தில் பிறந்தவர் என்பதில் எனக்குத் தனிப் பெருமை.) ஓலையின் எழுத்துகளுக்கு இணையான எதிரெழுத்துகள் கொண்ட சிறு இழையை அனுப்பினால், அது ஓலையோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு ஓலை படிக்கப்படாது. அல்லது ஒரு நொதி அதை வெட்டிவிடும். இதுவே ஆன்டிசென்ஸ் மருந்து. 1978-இல் சாமெக்னிக்கும் ஸ்டீவன்சனும் 13 எழுத்து இழையொன்றால், கோழிக்குப் புற்று உண்டாக்கும் ரௌஸ் வைரசின் பெருக்கத்தைத் தடுத்தனர்.

மனிதருக்கு மருந்தாக்கும்போதுதான் தொல்லை. புற்றணுவைச் சாகவிடாமல் காக்கும் பி.சி.எல்.-2 புரதத்தின் ஓலையைக் குறிவைத்தது ஜெனாசென்ஸ். முற்றிய மெலனோமா நோயாளிகள் 771 பேரிடம் சோதித்தனர். டகார்பசினோடு இதையும் பெற்றோரின் ஆயுள் இடைநிலை 9 மாதம். டகார்பசின் மட்டும் பெற்றோருக்கு 7.8. இது போதாதென்று 2004-இல் அமெரிக்க நிபுணர் குழு கூறிவிட்டது. மேலும், இரத்தத்தில் செலுத்தும் இழைகளில் பெரும்பகுதி கல்லீரலிலும் சிறுநீரகத்திலுமே தங்கிவிடுகிறது.

பெரியம்மாவின் கட்டி கணையத்தில் இருந்தது.