படம் தானாகப் பேசாது; நாம்தான் பேச வைக்க வேண்டும்



சுவரில் ஒட்டிய படத்தையும் கையில் கொடுத்த அட்டையையும் பார்த்து நீங்கள் எத்தனையோ சுகாதார விஷயங்களைத் தெரிந்துகொண்டிருப்பீர்கள். இனி நீங்களும் பிறருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியவர்கள். வீட்டில் பிள்ளைக்கு, பக்கத்து வீட்டு இளம் தாய்க்கு, மகளிர் குழுவில் பத்துப் பேருக்குப் படம் காட்டிப் பாடம் சொல்வது எப்படி என்பதே இந்தப் பிரசுரத்தின் பொருள்.

முதலில் என் அனுபவம் ஒன்று. பல வருஷங்களுக்கு முன், எண்ணூர்ப் பக்கம் ஒரு மீனவர் குப்பத்தில், வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுப்பது பற்றிப் படம் காட்டினேன். ஒரு பாத்திரம் நிறையத் தண்ணீர், அரைத் தேக்கரண்டி உப்பு, ஆறு தேக்கரண்டி சர்க்கரை. "புரிஞ்சுதா?" என்றேன். "புரிஞ்சுது" என்று எல்லோரும் தலையாட்டினார்கள். கிளம்பும் சமயம் ஒரு தாயைப் பார்த்து, "ஒரு தடவை நீங்களே கலந்து காட்டுங்கம்மா" என்றேன். அவர் ஒரு டம்ளர் தண்ணீரில் அத்தனையும் போட்டுக் கலக்கினார்!

படத்தில் நான் காட்டியது ஒரு லிட்டர் பாத்திரம். அவர் கண்ணுக்கு அது டம்ளராகத் தெரிந்தது. 200 மில்லி டம்ளர் என்றால் உப்பு ஐந்து மடங்கு ஆகிவிடும். உடம்பில் நீர் வற்றிக் கிடக்கும் குழந்தைக்கு அது உயிருக்கே ஆபத்து. தவறு அந்தத் தாயுடையது அல்ல. படத்தைக் காட்டிவிட்டு, விளங்கிவிட்டது என்று நினைத்த என்னுடையது.

எழுத்தைப் போலவே படமும் பழகினால்தான் விளங்கும். 1976-ல் யூனிசெஃப் ஆதரவுடன் நேபாளக் கிராமங்களில் நடந்த ஆய்வு இதை எடுத்துக் காட்டியது. விவரங்களைக் குறைத்து வரைந்த மனித உருவத்தைப் பலர் மனிதன் என்றே கண்டுகொள்ளவில்லை. வரிசையாக வைத்த படங்களை எல்லோரும் இடமிருந்து வலமாகப் பார்க்கவும் இல்லை.

நம் நாட்டுச் சிவப்பு முக்கோணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1960-களின் பிற்பகுதியில், மத்திய அரசின் குடும்பக் கட்டுப்பாட்டுப் பணியில் இருந்த தீப் தியாகி முன்னின்று கொண்டுவந்த சின்னம் அது. முக்கோணத்துக்கென்று தனி அர்த்தம் ஏது? சுவரிலும் பஸ்ஸிலும் ஒரே நிறம், ஒரே வடிவமாகத் திரும்பத் திரும்ப வரைந்தார்கள். ஊழியர்கள் வாய்விட்டு விளக்கினார்கள். அதனால்தான் எழுதப் படிக்கத் தெரியாதவர் மனதிலும் அது பதிந்தது.

ஆகவே படம் காட்டும்போது நினைவில் வைக்க வேண்டியவை:

1. ஒரு படத்துக்கு ஒரு சேதி போதும். பின்னால் மரம், வீடு, மாடு என்று நிரப்பினால் கண் அங்கே போய்விடும்.

2. உடம்பின் ஒரு பாகத்தைத் தனியாகக் காட்டாதீர்கள். கருப்பையை மட்டும் வரைந்தால் கொம்பு வைத்த மாட்டுத் தலை போல இருக்கும். ஒரு பெண்ணின் முழு உருவத்தை வரைந்து, அடிவயிற்றில் அதைக் காட்டுங்கள். "காப்பர்-டி நெஞ்சுக்கு ஏறிடுமாமே" என்ற பயம் அப்போதுதான் தீரும்.

3. சின்னப் பொருளைப் பெரிதாக வரைந்தால், பெரிதாக்கிய படம் என்று சொல்லுங்கள். கொசுவைக் கோழி அளவுக்கு வரைந்தால், "எங்க ஊர்ல இவ்வளவு பெரிய கொசு இல்லையே" என்பார்கள். அதைவிட, வீட்டுத் தண்ணீர் டிரம்மிலிருந்து நெளியும் கொசுப் புழுவைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்துக் காட்டுங்கள். படத்தைவிட நிஜப் பொருள் மேல்.

4. நீங்கள் சொல்வதற்கு முன், "இதுல என்ன தெரியுது?" என்று கேளுங்கள். தப்பாகச் சொன்னால் சிரிக்காதீர்கள். படத்தை மாற்றுங்கள்.

5. கடைசியில், "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். "செஞ்சு காட்டுங்க" என்று சொல்லுங்கள்.

நன்றாக வரையத் தெரிய வேண்டும் என்பதில்லை. சாக்குக்கட்டியோ கரித்துண்டோ போதும். மனைவி பேசட்டும், கணவர் வரையட்டும். இருவரும் சேர்ந்து சொன்னால் பிள்ளைகளும் காது கொடுப்பார்கள்.

இன்றே ஒரு பாடம் நடத்திப் பாருங்கள். ஒரு லிட்டர் பாட்டிலை நடுவில் வையுங்கள். வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலமே சிறந்தது. அதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு வாங்கி, பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுவதையும் கலக்க வேண்டும். அது கைக்குக் கிடைக்கும் வரை, ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு, தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை. வாயில் வைத்துப் பாருங்கள். கண்ணீரைவிடக் கரித்தால் கொட்டிவிட்டு வேறு கலக்குங்கள். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. மலத்தில் ரத்தம், குழி விழுந்த கண், குடிக்க முடியாத சோர்வு, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

கலந்து முடித்ததும் பாட்டிலைப் பக்கத்து வீட்டுத் தாயின் கையில் கொடுத்து, "இப்ப நீங்க கலக்கிக் காட்டுங்க" என்று சொல்லுங்கள். அவர் சரியாகக் கலக்கினால்தான் உங்கள் படம் பேசியது என்று அர்த்தம்.