பிள்ளை சொல்ல வருவதைக் கேட்போம்



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் என்று எத்தனையோ பாடங்களைச் சேர்ந்து படித்திருக்கிறோம். இந்த மாதப் பாடம் நம் பிள்ளைகளைப் பற்றியது. கூட்டத்தில் ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேட்டு, கடைசியில் உள்ள கேள்விகளைப் பேசுங்கள்.

மனதில் வரும் நோய்களையும் அவற்றுக்கான காரணங்களையும் ஆராயும் படிப்புக்கு மருத்துவ உளவியல் என்று பெயர். அதில் மேல்படிப்புப் படிக்கும் மாணவ மாணவிகள் பலர், சின்ன வயதில் பிள்ளைகள் படும் கொடுமையைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறார்கள். அடி, கேவலமான வசவு, சோறு தண்ணி கவனிக்காமல் விடுவது, பாலியல் தொல்லை எல்லாமே இதில் அடங்கும். இந்தத் துறையில் பேர் பெற்ற மூன்று ஆய்வுகளை நாமும் தெரிந்துகொள்வோம். மூன்றும் அமெரிக்காவில் நடந்தவை.

1. எக்ஸ்ரே சொன்ன உண்மை

கை கால் முறிந்த குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்து, "கீழே விழுந்துட்டான்" என்று பெற்றோர் சொல்வார்கள். எக்ஸ்ரே எடுத்தால் புது முறிவோடு, முன்பே முறிந்து கூடிய எலும்புகளும் தெரியும். டென்வர் நகரத்துக் குழந்தை மருத்துவர் ஹென்றி கெம்ப்பும் அவரோடு இருந்தவர்களும் இதைக் கணக்கெடுத்து 1962-ல் எழுதினார்கள். 71 மருத்துவமனைகளில் இப்படி 302 குழந்தைகள். அவர்களில் 33 பேர் இறந்துபோனார்கள். "பெத்தவங்க அப்படிச் செய்வாங்களா?" என்று நம்ப மறுத்த மருத்துவர்களும் அதற்குப் பிறகு கண் திறந்தார்கள். இப்படிப்பட்ட குழந்தையைப் பார்த்தால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சில ஆண்டுகளிலேயே அங்கே சட்டங்கள் வந்தன.

2. எடை குறைக்க வந்தவர்கள்

சான் டியாகோ நகரத்தில் மருத்துவர் வின்சென்ட் ஃபெலிட்டி உடல் எடையைக் குறைக்கும் சிகிச்சை நடத்தினார். நன்றாக எடை குறைந்தவர்களே பாதியில் நின்றுபோனார்கள். ஏன் என்று விசாரித்தபோது, பலர் சின்ன வயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் என்று தெரிந்தது. அதுவரை அவர்களிடம் யாரும் அதைக் கேட்டதில்லை.

பிறகு அவரும் ராபர்ட் ஆண்டா என்ற மருத்துவரும் சேர்ந்து 17,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் சிறு வயது அனுபவங்களைக் கேட்டார்கள். முதல் முடிவு 1998-ல் வந்தது. பாதிக்கு மேற்பட்டவர்கள் ஏதாவது ஒரு துன்பத்தையாவது சொன்னார்கள். நான்கு வகைத் துன்பம் அல்லது அதற்கு மேல் பட்டவர்களுக்கு, எதுவும் படாதவர்களைவிடக் குடிப்பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவை 4 முதல் 12 மடங்கு வரை அதிகமாக இருந்தன.

இதில் இரண்டு செய்தியை நாம் மறக்கக் கூடாது. ஒன்று, அவர்களில் பெரும்பாலோர் படித்த, வசதியான குடும்பத்தினர். வறுமை வீட்டில்தான் இதெல்லாம் நடக்கும் என்பது சரியல்ல. இரண்டு, அம்மா அடி வாங்குவதைப் பார்த்து வளர்வதும் அந்தத் துன்பங்களில் ஒன்றாகக் கணக்கிடப்பட்டது. நம் மேல் விழும் அடி பிள்ளை மனசிலும் விழுகிறது.

3. தேறி வந்த பிள்ளைகள்

அப்படியானால் கஷ்டப்பட்ட பிள்ளை கெட்டுத்தான் போகுமா? இல்லை. ஹவாய்ப் பகுதியில் காவாய் என்றொரு தீவு. அங்கே 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற பெண் ஆய்வாளரும் குழுவினரும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். மிகவும் மோசமான சூழலில் வளர்ந்தவர்களிலும் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் நல்ல மனிதர்களாக, பொறுப்பானவர்களாக வளர்ந்தார்கள். அவர்களுக்குத் துணையாக இருந்தவற்றில் முக்கியமானது, அன்பாக, நம்பிக்கையாக இருந்த ஒரு பெரியவர். அது பாட்டியாக, அத்தையாக, பக்கத்து வீட்டுக்காரராக, ஆசிரியராகக்கூட இருக்கலாம்.

நம் நாட்டில் எப்படி?

"அது வெளிநாட்டுக் கதை" என்று தள்ளிவிட முடியாது. நம் மத்திய அரசு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டு 2007-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. மூன்றில் இரண்டு குழந்தைகள் அடி உதை பட்டவர்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் ஏதோ ஒரு விதமான பாலியல் தொல்லையைச் சொன்னார்கள். தொல்லை கொடுத்தவர்களில் பாதிப் பேர் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரியவர்கள். பெரும்பாலான பிள்ளைகள் யாரிடமும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? "வெளியே சொன்னா மானம் போயிடும்", "அவரு அப்படிப்பட்டவரு இல்ல", "நீ என்ன பண்ணின?" என்று நாம் பேசும் பேச்சே பிள்ளையின் வாயை அடைத்துவிடுகிறது.

நாம் என்ன செய்யலாம்?

* பிள்ளை ஏதாவது சொல்ல வந்தால் வேலையை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். "நீ சொன்னது நல்லது, உன் மேல தப்பு இல்ல" என்று முதலில் சொல்லுங்கள். திரும்பத் திரும்பத் துருவிக் கேட்காதீர்கள்.
* திடீரென்று படுக்கையில் சிறுநீர் கழிப்பது, பள்ளிக்குப் போக அழுவது, ஒருவரைக் கண்டால் ஒளிந்துகொள்வது போன்ற மாற்றங்களைக் கவனியுங்கள்.
* 'அடியாத மாடு படியாது' என்பது மாட்டுக்குச் சொன்னது. பள்ளியிலும் பிள்ளையை அடிக்கக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது.
* உதவிக்கு 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். கட்டணம் இல்லை.
* பாலியல் குற்றம் என்றால் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இருக்கிறது. தெரிந்தும் புகார் சொல்லாமல் இருப்பதும் குற்றம். ஊர்ப் பஞ்சாயத்தில் பேசி, பணம் வாங்கி முடிக்கக் கூடாது. பிள்ளையை இரவில் காவல் நிலையத்தில் வைக்கக் கூடாது, வாக்குமூலம் வாங்கும் அதிகாரி சீருடையில் வரக் கூடாது, பிள்ளையின் பெயர் பத்திரிகையில் வரக் கூடாது என்றெல்லாம் சட்டம் பாதுகாப்புத் தருகிறது.

கூட்டத்தில் பேச

1. நம் தெருவில் பிள்ளைகள் பயமில்லாமல் போய்ப் பேசக்கூடிய பெரியவர் யார்?
2. அடிக்காமல் பிள்ளையைத் திருத்த நாம் என்னென்ன செய்கிறோம்?
3. ஒரு பிள்ளை நம்மிடம் வந்து சொன்னால் அடுத்து யாரிடம் போவது?

பேசும்போது எந்தப் பிள்ளையின் பெயரையும் சொல்ல வேண்டாம். முடிவைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். ஒரு குழுவில் பன்னிரண்டு முதல் இருபது பேர் இருக்கிறோம். தேறி வந்த பிள்ளைகளுக்குக் கிடைத்த அந்த ஒரு பெரியவராக நம் ஒவ்வொருவராலும் இருக்க முடியும்.