ஸ்மார்ட் பிளக் வாங்கறதுக்கு முன்னாடி இந்த ஒரு கேள்வியைக் கேளுங்க!



போன வாரம் வீடியோவில் ஸ்மார்ட் பிளக் பற்றி ரெண்டு நிமிஷம்தான் பேசினேன். அதுக்கு வந்த கேள்விகளைப் பார்த்தா தனியா ஒரு பதிவே எழுதணும்னு தோணிச்சு. "எது வாங்கலாம்?", "கரண்ட் பில் குறையுமா?", "நம்ம வீட்டு விஷயம் வெளியே போகுமா?" இந்த மூணுதான் எல்லாரோட சந்தேகமும். மூணுக்கும் பதில் சொல்ல எங்க அக்கா வீட்டுக் கதையை வெச்சே ஆரம்பிக்கிறேன்.

அக்கா வீடு ஜோலார்பேட்டையில். மாமா ரயில்வேயில் லோகோ பைலட். எப்போ டூட்டி வரும், எப்போ வீடு திரும்புவார்னு அவருக்கே தெரியாது. அக்கா ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் வேலை. காலையில் கம்பெனி பஸ் தெருமுனைக்கு வந்துடும், ஓடணும். ஒரு மார்கழி மாசம் போன் பண்ணி, "டேய், பஸ்ல ஏறி உக்கார்ந்ததுக்கு அப்புறம்தான்டா கீசரை ஆஃப் பண்ணலைன்னு ஞாபகம் வருது. ஏதாவது வழி இருக்கா?"ன்னு கேட்டாங்க. நானும் பெரிய ஆள் மாதிரி ஆன்லைனில் மலிவா ஒரு ஸ்மார்ட் பிளக் வாங்கிக் கொடுத்தேன். அங்கேதான் என் தப்புகள் ஆரம்பிச்சுது. ஒவ்வொண்ணா சொல்றேன்.

1. முதல்ல கணக்கு: போட்ட காசு திரும்பி வருமா?

"ஸ்மார்ட் பிளக் போட்டா கரண்ட் பில் குறையும்" என்பது பாதி உண்மை. எந்தப் பொருளுக்குப் போடுறீங்க என்பதைப் பொறுத்தது.

டிவி, செட்டப் பாக்ஸுக்குப் போடுறீங்கன்னு வெச்சுக்கோங்க. ரெண்டும் சேர்ந்து சும்மா இருக்கும்போது 10 வாட் இழுக்குது, ஒரு நாளைக்கு 16 மணி நேரம் சும்மா இருக்குதுன்னா, ரெண்டு மாசத்துக்கு 9.6 யூனிட். ஸ்மார்ட் பிளக்கும் வைஃபையில் முழிச்சுக்கிட்டே இருக்கணுமே! அதுக்கு 1 வாட்னு வெச்சாலும் சுமார் 1.4 யூனிட் போயிடும். மிச்சம் 8 யூனிட். யூனிட்டுக்கு சுமார் 4.80 ரூபாய்னா ஒரு பில்லுக்கு 40 ரூபாய்கூட இல்லை. 1,000 ரூபாய் பிளக், காசைத் திருப்பித் தர நாலு வருஷத்துக்கு மேல ஆகும். சுவத்தில் ஏற்கெனவே ஒரு சுவிட்ச் இருக்கு. அது இலவசம்!

கீசர் கதை வேற. அக்கா வீட்டுக் கீசர் 15 லிட்டர், 2,000 வாட், பழைய மாடல். தண்ணி சூடானதும் தானா நின்னுடும், ஆனா ஆறினதும் திரும்ப ஓடும். மறந்து போன நாளில் இப்படி நாள் முழுக்க ஓடி சுமார் 1 யூனிட் வீணாகுதுன்னு பின்னாடி அளந்து பார்த்தோம். ரெண்டு மாசத்தில் 20 நாள் மறந்தா 20 யூனிட்.

இப்போ கவனிங்க. நம்ம ஊரில் 20 யூனிட்டுக்கு எல்லா வீட்டிலும் ஒரே விலை கிடையாது. 2024 ஜூலை கட்டணப்படி 401 முதல் 500 வரை யூனிட்டுக்கு 6.45 ரூபாய், 501 முதல் 600 வரை 8.55 ரூபாய். அதோட 500-ஐத் தாண்டினா, 101 முதல் 200 யூனிட் வரைக்கும் கிடைக்கிற மானியமும் போயிடும்.

• 300 யூனிட் வீடு: 20 யூனிட் மிச்சம் பண்ணினா சுமார் 96 ரூபாய். 1,500 ரூபாய் பிளக்குக்கு ரெண்டரை வருஷம் ஆகும்.

• 515 யூனிட் வீடு: அதே 20 யூனிட்டில் பில் 495-க்கு இறங்கும். யூனிட் கணக்கில் 160 ரூபாய், திரும்பி வர்ற மானியம் 200 ரூபாய்க்கு மேல. நாலைஞ்சு பில்லில் போட்ட காசு வந்துடும்.

அக்கா வீடு ரெண்டாவது ரகம். அதனால வாங்கினது சரி. நீங்க வாங்கறதுக்கு முன்னாடி கடைசி மூணு ஈபி பில்லை எடுத்து வெச்சு, 500-க்குப் பக்கத்தில் இருக்கீங்களான்னு பாருங்க.

2. பொருந்துமா? நாலு சோதனை

பின்னும் லோடும். நம்ம வீடுகளில் ரெண்டு வகை பாயிண்ட் இருக்கு. சின்னது 6 ஆம்ப்ஸ், பெரிய பவர் பாயிண்ட் 16 ஆம்ப்ஸ். 230 வோல்ட்டில் 6 ஆம்ப்ஸ்னா 1,380 வாட் வரைக்கும்தான். 16 ஆம்ப்ஸ்னா 3,680 வாட். 2,000 வாட் கீசர் சுமார் 8.7 ஆம்ப்ஸ் இழுக்கும். நான் வாங்கினதோ சின்னப் பின் பிளக். கன்வர்ஷன் பிளக் வெச்சு மாட்டினேன். மூணாவது நாள் பிளக் கையே வைக்க முடியாத அளவுக்குச் சூடாயிடுச்சு. எலக்ட்ரீசியன் அண்ணன் வந்து பார்த்துட்டு, "தம்பி, வீட்டைக் கொளுத்தவா வாங்கினீங்க?"ன்னு கேட்டார். கீசருக்கு 16 ஆம்ப்ஸ் பிளக் மட்டும்தான், கன்வர்ஷன் பிளக்கே வேண்டாம். பெட்டியில் இருக்கும் பி.ஐ.எஸ். எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' ஆப்பில் போட்டு உண்மையான்னு சரிபார்க்கலாம்.

அயர்ன் பாக்ஸ், ரூம் ஹீட்டர் மாதிரி ஆள் இல்லாம சூடாகக் கூடாத பொருளுக்கு ஸ்மார்ட் பிளக் போடாதீங்க. தெரியாம ஒரு விரல் பட்டா ஆன் ஆயிடும். ஃப்ரிட்ஜுக்கும் வேண்டாம். தெரியாம ஆஃப் ஆனா உள்ளே இருக்கிறதெல்லாம் கெட்டுப் போகும். போர்வெல் மோட்டாருக்கு ஸ்டார்ட்டர்தான், பிளக் கிடையாது.

வைஃபை. பெரும்பாலான ஸ்மார்ட் பிளக்குகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டும்தான் சேரும். புது ஃபைபர் ரவுட்டர்களில் 2.4-ம் 5-ம் ஒரே பேரில் வரும். பிளக் சேராம அடம் பிடிச்சா, ரவுட்டர் செட்டிங்கில் ரெண்டையும் தனித்தனிப் பேராப் பிரிச்சுட்டு முயற்சி பண்ணுங்க. பாத்ரூம் பக்கம் சிக்னல் வருதான்னு போனிலேயே முதல்ல பார்த்துடுங்க.

கரண்ட் போயிட்டு வந்தா? மாசாந்திரப் பராமரிப்புன்னு காலையிலிருந்து மதியம் வரைக்கும் கரண்ட் நிறுத்துற ஊர் நம்மது. கரண்ட் திரும்பி வரும்போது பிளக் ஆன்ல வருமா, ஆஃப்ல வருமா, முன்னாடி இருந்த நிலையிலேயே வருமா? இதுக்கு ஆப்பில் ஒரு செட்டிங் இருக்கணும். கீசருக்கு 'ஆஃப்' வெச்சுடுங்க. இந்த செட்டிங் இல்லாத பிளக்கை வாங்காதீங்க.

எந்த ஆப்? விதவிதமான பிராண்ட் பேரில் வரும் பல பிளக்குகளுக்குப் பின்னாடி இருக்கிறது சீனாவின் துயா கம்பெனியோட தளம். 'ஸ்மார்ட் லைஃப்' ஆப்பும் அவங்களோடதுதான். பெட்டி மேல இருக்கிற பேரைப் பார்த்து மட்டும் முடிவு பண்ணாதீங்க. இன்னொண்ணு, 'மேட்டர்' என்கிற பொதுத் தரம். 2022 அக்டோபரில் முதல் பதிப்பு வந்தது. ஆப்பிள், கூகுள், அமேசான் மூணு பேரும் சேர்ந்து ஏத்துக்கிட்டது. மேட்டர் முத்திரை இருந்தா நாளைக்கு நீங்க அலெக்ஸாவிலிருந்து கூகுளுக்கு மாறினாலும் பிளக்கை மாத்த வேண்டாம். ஆனா அதைக் கட்டுப்படுத்த வீட்டில் ஒரு ஹப்போ, அந்தத் தரத்துக்கு ஏத்த ஸ்பீக்கரோ இருக்கணும். அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கோங்க.

3. நம்ம வீட்டு விஷயம் எங்கே போகுது?

புது 16 ஆம்ப்ஸ் பிளக் மாட்டின பிறகு, ஒரு மாசம் கழிச்சு ஆப்பில் இருந்த வரைபடத்தைப் பார்த்தேன். காலை 5.40-க்கு கீசர் ஆன். 6.50-க்கு ஆஃப். அப்புறம் சாயங்காலம் 6.30 வரைக்கும் ஒண்ணுமே இல்லை. ஞாயித்துக்கிழமை மட்டும் மாறுது. மாமா டூட்டி முடிச்சு வந்த நாள் எது, வராத நாள் எதுன்னுகூட என்னால் சொல்ல முடிஞ்சுது. யோசிச்சுப் பாருங்க, பூட்டின வீட்டோட டைம் டேபிள் அது! அதை நான் பார்த்தது என் போனில். அதே விவரம் ஏதோ ஒரு நாட்டில் இருக்கிற சர்வரிலும் இருக்கு.

மின்சார அளவை வெச்சே வீட்டில் எந்தச் சாதனம் ஓடுதுன்னு கண்டுபிடிக்கலாம் என்பது புதுசு இல்லை. 1980-களிலேயே அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜார்ஜ் ஹார்ட் என்பவர் இதைச் செய்து காட்டினார். இது வேவு பார்க்கவும் பயன்படும்னு அப்பவே எச்சரிக்கையும் பண்ணினார்.

பயமுறுத்தச் சொல்லலை, நடந்ததைச் சொல்றேன். 2019-ல் ஆர்விபோ என்ற சீனக் கம்பெனியோட தகவல் கிடங்கு பாஸ்வேர்டே இல்லாம இணையத்தில் திறந்து கிடந்தது. ஸ்மார்ட் பிளக் உள்பட வீட்டுச் சாதனங்கள் செய்யும் கம்பெனி அது. 200 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள். இமெயில், பாஸ்வேர்டு, இருப்பிடம் எல்லாம் அதில் இருந்தது. திருடன் யாரும் ஹேக் பண்ணலை, கம்பெனியே பூட்ட மறந்தது.

நம்ம நாட்டில் 2017-ல் உச்ச நீதிமன்றம் புட்டசாமி வழக்கில், தனியுரிமை அடிப்படை உரிமைன்னு சொல்லிடுச்சு. 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. உங்க தகவலைத் திருத்தவும், அழிக்கச் சொல்லவும் அதில் உரிமை இருக்கு. தவறுக்கு 250 கோடி ரூபாய் வரைக்கும் அபராதம். விதிகள் 2025 நவம்பரில் வெளியானது, படிப்படியா அமலுக்கு வருது. சட்டம் அதன் வேலையைச் செய்யட்டும். நம்ம வேலையை நாம செய்வோம்:

• பிளக்குக்குன்னு தனி இமெயில் வெச்சுக்கோங்க. பேங்க் ஆப்புக்குக் கொடுத்த இமெயிலும் பாஸ்வேர்டும் இங்கே வேண்டாம்.

• ஆப் கான்டாக்ட்ஸ், மைக் கேட்டா மறுத்துடுங்க. பிளக் ஓட அது தேவையில்லை. லொக்கேஷன் சேர்க்கும்போது மட்டும் போதும், அப்புறம் எடுத்துடுங்க.

• ரவுட்டரில் கெஸ்ட் நெட்வொர்க் இருந்தா பிளக்கை அதில் போடுங்க. போனும் லேப்டாப்பும் வேற நெட்வொர்க்கில் இருக்கட்டும்.

• வீட்டில் இருக்கிறவங்களுக்கு ஆப்பில் 'ஷேர்' கொடுங்க. பாஸ்வேர்டை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீங்க.

• வாடகை வீட்டை மாத்தினா, பிளக்கை யாருக்காவது கொடுத்தா, ரீசெட் பண்ணிட்டு அக்கவுண்டையும் அழிச்சுடுங்க.

4. அந்த ஒரு கேள்வி

நான் முதல்ல வாங்கின மலிவு பிளக் என்ன ஆச்சு தெரியுமா? சூடான பிறகு அதைக் கழட்டி இரவு விளக்குக்கு மாட்டினோம். ஆறு மாசத்தில் அதோட ஆப்பே ஸ்டோரிலிருந்து காணாம போச்சு. மாமா போன் மாத்தினார், திரும்ப இன்ஸ்டால் பண்ண வழியில்லை. பிளக் நல்லாத்தான் இருக்கு, ஆனா பேச்சு கேட்காது.

சின்ன கம்பெனிக்குத்தான் இப்படின்னு நினைக்காதீங்க. உலகம் முழுக்க விற்ற பெல்கின் கம்பெனியோட வீமோ பிளக்குகளைப் பாருங்க. பெரும்பாலான வீமோ சாதனங்களுக்கு 2026 ஜனவரி 31-ஓட ஆப், கிளவுட் சேவை ரெண்டும் நிறுத்தம்னு 2025 ஜூலையில் அறிவிச்சாங்க. ஆப்பிள் ஹோம்கிட்டில் முன்னாடியே சேர்த்து வெச்சவங்களுக்கு மட்டும் பிளக் தொடர்ந்து வேலை செய்யும்னு சொன்னாங்க. காரணம், அது வீட்டுக்குள்ளேயே பேசுது, தூரத்து சர்வரை நம்பி இல்லை. அதே கம்பெனி 2023-ல் தன் பழைய மினி பிளக்கில் கண்டுபிடிச்ச பாதுகாப்பு ஓட்டையை, "மாடல் காலம் முடிஞ்சது"ன்னு சொல்லி அடைக்காமலே விட்டது.

அதனால கடையில் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: "நெட் இல்லாம இது வேலை செய்யுமா?"

ஆமான்னா, கம்பெனி மூடினாலும் பிளக் ஓடும். உங்க வீட்டு டைம் டேபிள் வெளியே போக வேண்டிய கட்டாயமும் குறையும். ஃபைபர் கேபிள் அறுந்த நாளிலும் கீசர் நேரத்துக்கு நிக்கும். பொருந்துமா, பாதுகாப்பா, காசுக்கு உழைக்குமா, மூணுக்கும் இந்த ஒரு கேள்வியில் பாதி பதில் கிடைச்சுடும்.

சோதிக்கறதும் சுலபம். பிளக்கை மாட்டி, அஞ்சு நிமிஷம் கழிச்சு ஆஃப் ஆகற மாதிரி ஷெட்யூல் போடுங்க. ரவுட்டரை ஆஃப் பண்ணிடுங்க. நேரத்துக்கு 'டிக்'னு சத்தம் வந்து பிளக் நின்னா ஷெட்யூல் அதுக்குள்ளேயே இருக்கு. நிக்கலைன்னா எல்லாமே கிளவுட்தான். ரிட்டர்ன் தேதி முடியறதுக்குள்ள இதைச் செஞ்சு பார்த்துடுங்க.

அக்கா வீட்டில் இப்போ கீசருக்கு ஒரே ஒரு 16 ஆம்ப்ஸ் பிளக். காலை 6.50-க்குத் தானா ஆஃப். ஷெட்யூல் பிளக்குக்குள்ளேயே இருக்கு. மத்ததுக்கெல்லாம் சுவத்து சுவிட்ச்தான். போன மாசம் போன் பண்ணி, "இப்போ பஸ்ல நிம்மதியா தூங்கறேன்டா"ன்னாங்க. அதுக்கு 1,500 ரூபாய் கொடுக்கலாம். பத்து பிளக் வாங்கி வீடு முழுக்க மாட்டறதுக்கு முன்னாடி மட்டும், ஈபி பில்லை ஒரு தடவை எடுத்துப் பாருங்க.

உங்க வீட்டு பில் எத்தனை யூனிட், எந்தப் பொருளுக்குப் பிளக் போட நினைக்கிறீங்கன்னு எழுதுங்க. கணக்கைச் சேர்ந்தே போட்டுப் பார்க்கலாம்.