முதுமையும் பார்வையும்

முதுமையில் பார்வை மங்குவது விதி என்றெண்ணி வாளாவிருப்போர் நம்மிடையே பலர். ஆயின், அம்மங்கலுக்குப் பெருங்காரணமான கண்புரை அறுவை மருத்துவத்தால் நீங்கக்கூடியதே. கண்ணினுள் ஒளியைக் குவிக்கும் வில்லை தெளிவிழப்பதே கண்புரை. முன்னாளில் அவ்வில்லையை முழுவதும் அகற்றி, தடித்த கண்ணாடி அணிவிப்பர். பின்னர், வில்லையின் உறையை விட்டுவைத்து, அதனுள் செயற்கை வில்லையைப் பொருத்தும் முறை வந்தது.

இவற்றுள் எது சிறந்தது?

விடை தேடிய பேராய்வு நம் மதுரையிலேயே நிகழ்ந்தது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், இரு கண்ணும் புரையால் பார்வையிழந்த 3400 பேர் குலுக்கல் முறையில் இரு பிரிவினராக்கப்பெற்றனர். முடிவுகள் 1998-இல் வெளிவந்தன. செயற்கை வில்லை பெற்றோரே மேம்பட்ட பார்வை எய்தினர்.

இவ்வாய்வின் தனிச்சிறப்பு யாதெனின், எழுத்துப் பலகையால் பார்வையை அளந்ததோடு அமையாமல், நோயாளரின் அன்றாட வாழ்வு எவ்வாறு மாறிற்று என்றும் வினவியதாகும். அதிலும் செயற்கை வில்லையே முந்திற்று. விலையும் தடையாகவில்லை, 1992 முதல் ஆரோலேப் நிறுவனம் அவ்வில்லைகளை மதுரையிலேயே குறைந்த செலவில் உருவாக்கி வருகிறது.

ஆனையூரினின்று அண்ணாநகர் மருத்துவமனை நெடுந்தொலைவன்று. மாணவச் செல்வங்களே! இல்லத்து முதியோரைக் கைப்பிடித்து அழைத்துச் செல்வது நும் கடன்.